மோட்ச விளக்குப் பட்டியலும் மண்டபத்து ஐந்து கணினிகளும்

அருள் சுரக்கும் அம்பாளின் திருவடிக்கு முதல் வணக்கம். அவையை அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் கேசவன் ஐயா அவர்களே, இந்தக் கோயில் வளர வியர்வை சிந்திய பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்திருக்கும் தாய்மார்களே, புக்கிட் காத்தில் வட்டாரத்து உறவுகளே, அனைவரையும் பணிந்து வணங்குகிறேன்.

மண்டபத்தில் ஐந்து கணினிகள். விண்டோஸ் பத்துக்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது. பதினொன்றைத் தாங்க இவற்றுக்குத் தெம்பில்லை. தூக்கி எறிவதா? விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாற்றுவதா? இதுவே இன்றைய தீர்மானம்.

நான் கணினி படித்தவள் அல்ல. கேட்டும் கெடுத்தும் கற்றவள். லினக்ஸை முதலில் என் வீட்டுக் கணினியில் ஏற்றினேன். ஓடியதா? ஓடியது. வேகமா? பழையதைவிட வேகம். தேவாரம் தட்டச்சு செய்ய முடிந்ததா? முடிந்தது. பிரிண்டர் மட்டும் மூன்று நாள் முரண்டு பிடித்தது. எல்லாம் தேதியோடு நோட்டில் இருக்கிறது.

செய்த தவற்றையும் சொல்லத்தானே வேண்டும்?

ஆடி அமாவாசை மோட்ச விளக்குப் பூசைக்கு, மறைந்தவர் பெயர்ப் பட்டியலை வைத்திருப்பவள் நான். வீடு வீடாகக் கேட்டுப் பதினான்கு ஆண்டுகளாய்த் தட்டிய முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். அச்சடித்த தாளைப் பூசை முடிந்ததும் விளக்கோடு உம்பாய்க் கடலில் விட்டுவிடுவது நம் வழக்கம். வேறு பிரதி கிடையாது. கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, விண்டோஸை முழுதாக அழித்தேன். பூசைக்கு நான்கே நாள். யோகம் அக்கா வந்தார், பட்டியலைத் திறந்தேன். பெயர்களைக் காணோம். ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிடந்தது.

"எங்க வீட்டுக்காரர் பேரு எங்கமா?" என்றார் அக்கா.

இப்போது முன்வரிசையில் சிரிக்கிறீர்கள், அக்கா. அன்று சிரிக்கவில்லை.

தெங்கேராவில் கணினி பழுதுபார்க்கும் கைருதீன் பாயிடம் ஓடினோம். திரையைப் பார்த்தார். "பேரு எங்கயும் போகலக்கா. நீங்க தட்டுனது பழைய ஃபோன்ட். அது விண்டோஸ்குள்ள இருந்துச்சு, அதையும் சேத்து அழிச்சிட்டீங்க லா. வேற கம்ப்யூட்டர்ல இருக்கா?"

இருந்தது. எங்கே? இதே மண்டபத்தில், இந்த ஐந்தில் ஒன்றில். அந்த எழுத்துருவை எடுத்து வந்து என் கணினியில் ஏற்றியதும் வரிசை வரிசையாகப் பெயர்கள் வந்து நின்றன. அக்கா திரையில் விரல் வைத்துத் தேடினார். "சின்னத்தம்பி. இந்தா இருக்காரு. உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், சொல்லாம எங்கயாச்சும் போயிருவாரு."

பட்டியலை எல்லாக் கணினியும் படிக்கும் யூனிகோடுக்குப் பாய் மாற்றிக் கொடுத்தார்.

பின்வரிசையிலிருந்து பொருளாளர் தேவன் அண்ணன் கேட்கிறார், "அப்ப மாத்தலாமா, வேணாமா?"

மாற்றலாம், அண்ணே. நான்கை மட்டும். உங்கள் கணக்கு மென்பொருள் லினக்ஸில் ஓடவில்லை, சோதித்துவிட்டேன். அந்த ஒன்று இணையத் தொடர்பு இல்லாமல் பழையபடியே இருக்கட்டும். மற்றவற்றில் முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்ப்போம். பிரிண்டரில் ஒரு தாள் எடுப்போம்.

அழிக்க அரை மணி நேரம் போதும். அன்று நான் அவசரப்பட்டு இந்த ஐந்தையும் அழித்திருந்தால், அந்த எழுத்துருவை எங்கே போய்த் தேடியிருப்பேன்? ஆகவே ஒருவர் விண்டோஸ் திரையில் பழைய பட்டியலை வாசிக்க, ஒருவர் லினக்ஸ் திரையில் புதியதைச் சரிபார்க்க, முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் இந்த மண்டபத்தில் ஒலித்த பிறகே அழிக்கும் பொத்தானில் விரல் படட்டும். முதல் பெயரை யோகம் அக்கா வாசிக்கட்டும்.

பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி. நான் கைகூப்பி விடைபெறுகிறேன்; தீர்மானத்துக்கு நீங்கள் கையுயர்த்துங்கள். வணக்கம்.