மூணு தடவை அலசணும்

— எத்தனை தடவை அலசினீங்கக்கா? என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க.

— நீ சுவத்துல எழுதி ஒட்டியிருக்கிற மாதிரிதான், டாக்டரம்மா.

— இன்னும் டாக்டர் ஆகலை. இந்த லட்சணத்துல ஆகவும் மாட்டேன். நேத்து தீசிஸை பைண்டிங்குக்குக் கொடுக்க நான் கீழே போன நேரத்துல நீங்க அலசிக் கொடுத்தீங்களே, அந்தக் கிருமி ஒண்ணுகூடச் சாகலை. அதைக் கொல்ல வேண்டிய ரத்த வெள்ளணுவுக்குப் பக்கத்துலயே கால்மேல கால் போட்டு உக்காந்திருக்கு. நாலு வருஷமா நான் அலசினது ஒண்ணு விடாம செத்திருக்கு.

— அதுக்கு நல்ல நேரம்போல.

— அக்கா!

— சரி சரி, கத்தாதே கண்ணு. ஒரு தடவைதான். அந்த மெஷின் ஒவ்வொரு அலசலுக்கும் பத்து நிமிஷம் சுத்துது. மூணு தடவை சுத்தினா, என் பஸ்ஸு எனக்காக நிக்குமா? அழுக்கு போனா போதாதா? என் வீட்டுத் துணியையே நான் அவ்வளவு அலசறதில்லை.

— இருங்க, இருங்க. ஐயோ... அது அழுக்கு இல்லக்கா. சட்டை!

— யாரு சட்டை?

— கிருமிக்குள்ள ஒரு புரதம் இருக்கு. சர்க்கரையை உடைச்சு சமைச்சுப் போடறதுதான் அதுக்கு வேலை. அந்தச் சமையக்காரனே வெளியே வந்து தோல்மேல உக்காந்துக்கிட்டு, நம்ம ரத்தத்துல 'இவன் நம்ம ஆளு'ன்னு அடையாளம் காட்டற புரதத்தைப் பிடிச்சு இழுத்து கிருமிக்குப் போத்தி விடறான். வெள்ளணு கிட்ட வருது, 'அட, நம்ம வீட்டுப் பிள்ளை'ன்னு விட்டுட்டுப் போயிடுது.

— அடப்பாவி, என் கொழுந்தனேதான்! வீட்டுக்குள்ள இருந்தா அடுப்படி. வாசல் தாண்டினா என் வீட்டுக்காரர் சட்டை. தெருவே வணக்கம் வைக்கும்.

— மூணு தடவை அலசினா சட்டை கழண்டு போயிடுது. திருடனை அம்மணமா நிறுத்திட்டு, போலீசு பிடிக்குதா பாருன்னு நாலு வருஷம் பாத்திருக்கேன் நான்.

— கண்டுபிடிச்சிட்டே இல்ல? அப்புறம் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— இந்த லேப்ல எனக்கு முன்னாடி இருந்த சீனியரும் இதையேதானேக்கா சொன்னாரு? கிருமி சாகலைன்னு. நான் திரும்பச் செஞ்சு பாத்தேன், செத்துடுச்சு. முடிவை இட்டுக்கட்டியிருக்காருன்னு கைடு சார்கிட்ட எழுதிக் கொடுத்தேன். அதுலதானே அவரைத் துரத்தினாங்க.

— ம். இப்ப கீழே ஜெராக்ஸ் கடை.

— அவரு தன் டம்ளரையே கழுவாத மனுஷன். கிருமியை யாருக்கா அலசினது?

— நான்தான்.

— எத்தனை தடவை?

— பஸ்ஸு அன்னைக்கும் அதே நேரம்தானே கண்ணு.

— போச்சு. நாளைக்கு தீசிஸ் கொடுக்கணும். நாலாம் அத்தியாயம் முழுக்க அவரு சொன்னது பொய்யின்னு எழுதியிருக்கேன். கீழே அவரேதான் அதுக்கு அட்டை ஒட்டிக்கிட்டு இருக்காரு. படிச்சிருப்பாரு, இல்ல?

— படிச்சாரு. எழுத்துப்பிழை ஏழு இருந்துச்சாம், திருத்திட்டாராம்.

— எனக்கு மானமே போகுதுக்கா. அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொன்னேனே. ஒரு தடவைதான் அலசினேன்னு அவருகிட்டயே போய்ச் சொல்லி அழுதேன். 'என் படிப்பு போனா ஒரு கடை வச்சுப் பொழச்சுக்குவேன், உங்க வேலை போனா ரெண்டு பொண்ணுங்களுக்கு யாரு சோறு போடுவா, வாயைத் தொறக்காதீங்கக்கா'ன்னுட்டாரு.