மல்லிகைப் பந்தல் விளக்குகள்

தோட்டத்து விளக்குக்கு மஞ்சள் பல்புதான் நல்லது சார். வெள்ளை போட்டால் பூச்சி மொய்க்கும். சிட்லபாக்கத்தில் பல பேருக்கு நான் இதைச் சொல்லியிருக்கிறேன்.

பெயர் வில்பிரட். தாம்பரத்தில் ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். ரிடையரான பிறகு என் மனைவி ஞானம்மாளுக்காகத்தான் தோட்டத்தில் விளக்குப் போட்டேன். சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குள் உட்கார முடியாது. மொட்டை மாடிச் சூடு அப்படியே உள்ளே இறங்கும். சாயங்காலமானால் இரண்டு பிரம்பு நாற்காலியை வெளியே போட்டுக்கொள்வோம். மல்லிகைப் பந்தலைச் சுற்றி சீரியல் செட், மாமரத்தில் பத்துப் பல்பு, பந்தலுக்குப் பக்கத்தில் ஆளுயர இரும்புக் கம்பத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு விளக்கு. முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாங்க இது, கல்யாண வூடு மாதிரி கீது" என்றாள். எனக்கு அது போதும்.

போன மாதம், தொண்ணூற்றிரண்டு ஏப்ரலில், பெங்களூரிலிருந்து எங்கள் மகள் பேபி கடிதம் போட்டாள். அவளுக்கு இரண்டாவது பிரசவம், அம்மா வரவேண்டுமாம். ஞானம்மாள் அன்றைக்கே பரண்மேலிருந்து பெட்டியை இறக்கச் சொன்னாள். எத்தனை நாள் என்று கேட்டேன்.

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்? நீங்க ஒங்க லைட்டப் பாத்துகினு இருங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் பெட்டியில் ஸ்வெட்டரையும் வைத்தாள். மே மாதம் போகிறவளுக்கு ஸ்வெட்டர் எதற்கு? இனி வரமாட்டாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நான் திட்டவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. சொல்லியும் போய்விட்டால் எப்படித் தாங்குவது? லேசாக ஒரு ஷாக் அடித்தால் பயந்து நாலு நாள் படுத்துக்கொள்வாள், பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ரயிலுக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் தூங்கினாள். அப்போது கம்பத்து வயரின் உறையைச் சீவி, இரும்போடு ஒட்டவிட்டேன். ஆறரைக்கு அவள் செருப்பில்லாமல் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றினாள். முட்டி வலிக்காக அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் குனிவாள். நான் உள்ளே போய் சுவிட்சைப் போட்டேன். எல்லா விளக்கும் எரிந்தது.

பக்கத்து வீட்டு லோகநாயகிதான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "அண்ணா, லைட்ட ஆஃப் பண்ணுங்க, அக்கா வுழுந்துட்டாங்க!"

அணைத்தேன். கொஞ்சம் தாமதமாகத்தான் அணைத்தேன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உயிர் போய்விட்டது என்றார்கள்.

"கம்பத்துக்கு எர்த் இருந்திருந்தா பியூஸ் போயிருக்குமே, பெரியவரே" என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நியாயமான கேள்வி. எர்த் இருந்தது சார். என் கை வேலையில் அது இல்லாமல் இருக்காது. அன்று மத்தியானம் அதையும் நான்தான் கழற்றினேன். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அவள் கைப்பையிலிருந்து எடுத்ததாக ஒரு டிக்கெட்டை மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். பெங்களூரிலிருந்து மெட்ராஸுக்கு, அவள் பெயரில், ஜூன் பதினெட்டாம் தேதிக்கு. பத்தொன்பது எங்கள் கல்யாண நாள். அதற்குள் வந்துவிடுவேன், அவரிடம் சொல்லாதே என்று லோகநாயகியிடம் சொல்லிவைத்திருந்தாளாம்.

பார்த்தேன். ஆனால் டிக்கெட் எடுத்துவைக்கிறவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடுகிறார்களா, சார்?