டீ ஊத்திக் கொடுத்த குத்தம்

...இல்ல தம்பி, நான் கேக்குறேன், வீட்டுக்கு வந்தவருக்கு டீ ஊத்திக் கொடுத்தா அது ஒரு குத்தமா? குத்தம்தானாம்! அதுக்குத்தான் இந்த உதவித்தொகை ஆபீசுல வந்து உக்காந்திருக்கோம். கொஞ்சம் நகந்து... ஐயோ, கையில கட்டா, பாக்கல. மிஷின்லயா? எத்தன விரல்? அடப்பாவமே. உள்ள கூப்பிட்டு, "மடக்கிக் காட்டுங்க"ம்பாங்க. இல்லாத விரல எப்படி மடக்குறதுன்னு கேட்டுடாதீங்க, அவங்களுக்குக் கோவம் வரும்.

இப்ப உள்ள போயிருக்கிறது என் நாத்தனார். வீட்டுக்காரரோட அக்கா, அண்ணின்னுதான் கூப்பிடுவேன். பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவங்க. அவங்க ஒரு சத்தம் போட்டா எதிர்ல வர்ற லாரியும் நிக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷிக்குப் பக்கவாதம். வலது பக்கம் சுத்தமா விழுந்துபோச்சு. கல்யாணம் காட்சின்னு எதுவும் பண்ணிக்கல, அதனால நாங்கதான் எல்லாம். நாங்கன்னா யாரு? நான்தான்! வீட்டுக்காரரு அக்காவப் பாத்தா கண்ணத் தொடச்சிக்குவாரு. அதோட அவரு பங்கு முடிஞ்சுது.

நான் ஒரு லாண்டரில துணி தேய்க்குறேன். பகல்ல அவங்களப் பாத்துக்க ஒரு அம்மா வந்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுத்துச்சு. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. பொறுக்குமா? "நிலைமைய நேர்ல பாக்கணும்"னு ஒரு சாரு வந்தாரு.

வந்தாரா... எங்க அண்ணி என்ன பண்ணாங்கங்கிறீங்க? காலைலேர்ந்து முதுகுக்குத் தலகாணி முட்டுக் கொடுத்து உக்கார வச்சிருக்கேன். சாரப் பாத்ததும், "வாங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க"ன்னு எந்திரிச்சாச்சு! பீரோவப் பிடிச்சு, சுவத்தப் பிடிச்சு, ஃபிளாஸ்க்குலேர்ந்து இடது கையால டீ ஊத்தி... பாதி டம்ளர்ல, பாதி தரையில. நான் கண்ணக் காட்டுறேன், இருமுறேன், கிள்ளாத குறைதான். "துணி நீங்களே மாத்திக்குவீங்களாம்மா?"ன்னாரு. "ஓ, மாத்திக்குவேனே!" "பாத்ரூம் போறது?" "அதெல்லாம் ஒரு கஷ்டமும் இல்ல சார்." முன்னப்பின்ன தெரியாத ஆம்பளகிட்ட வேற என்னத்தச் சொல்லுவாங்க? அவரு டீயக் குடிச்சாரு, பிரமாதம்னாரு, போயி "பிறர் உதவி தேவையில்லை"ன்னு எழுதிட்டாரு. கீழ கொட்டுனத யாரு தொடச்சான்னு மட்டும் கேக்கல.

தொகை நின்னுச்சு. அந்த அம்மாவும் நின்னுட்டாங்க. நான் வேலைக்குப் போகணுமே? வெளிய பூட்டி, சாவியப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டுப் போனேன். என்ன பாக்குறீங்க? வேற வழி இருந்தா சொல்லுங்க. ஒரு நாள் சாயங்காலம் வந்து திறக்குறேன்... பாத்ரூம் வாசல்ல கிடக்குறாங்க. துணியெல்லாம் நனைஞ்சு. எப்ப விழுந்தாங்கன்னு இன்ன வரைக்கும் வாயத் திறக்கல. "ஒரு சத்தம் போட்டிருந்தா பக்கத்து வீட்டுல ஓடி வந்திருப்பாங்களே அண்ணி"ன்னேன். "இந்தக் கோலத்துல எவ வந்து பாக்குறதுக்கு?"ங்கிறாங்க. லாரிய நிறுத்துன தொண்டை தம்பி!

அதே வாரம் டிவில பாக்கணுமே! நம்ம அரசாங்கத்து ஆளுங்க வெளிநாடு போயி, எல்லா நாட்டுக்காரங்களோடயும் உக்காந்து, "முடியாதவங்கள நாங்க பாத்துக்குறோம், அது எங்க கடமை"ன்னு கையெழுத்துப் போடுறாங்க. என்னா கைதட்டலு! அண்ணியும் பாத்துக்கிட்டிருந்தாங்க. கைதட்டத்தான் முடியல, ஒரு கைதானே. அந்தக் கடமை அங்கேர்ந்து கெளம்பி வந்துக்கிட்டிருக்காம். எங்க தெருவுக்குத்தான் வழி தெரியல போல.

அதான் அப்பீல் போட்டோம். நானும் பாடம் எடுத்தேன். "எது கேட்டாலும் முடியாதுன்னு சொல்லுங்க அண்ணி, சும்மா சொல்லிப் பாருங்க." "மு..."ன்னு ஆரம்பிச்சு, "எனக்கு வரல, விடு"ங்கிறாங்க. சரி, நானும் உள்ள வர்றேன்னா, "நீ வெளியவே இரு. உன் முன்னாடி சொல்ல மாட்டேன்." எனக்குத் தெரியாத எதைச் சொல்லப் போறாங்க? குளிப்பாட்டி விடுறதே நான்...

கதவு திறக்குது, இருங்க.

அண்ணி! மெதுவா, மெதுவா. என் தோளப் பிடிங்க. என்ன சொன்னாங்க? கொடுத்துட்டாங்களா? அப்பாடா! நான்தான் சொன்னேனே, வாயத் திறந்து சொன்னா... அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? ...எல்லாத்தையுமா? விழுந்ததையும்? ...துணி நனைஞ்சதையுமா? உள்ள எத்தன பேரு? ஒரு சின்னப் பொண்ணு கூடவா? எழுதிக்கிட்டாளா... சரி. சரி அண்ணி. நான் ஒண்ணும் கேக்கல. இப்படி உக்காருங்க.

என்னது? அடுத்த வருஷமும் வரணுமா? மறுபடியும் மொதல்லேர்ந்து சொல்லணுமா? ஆமாமா, பக்கவாதம் லீவு முடிஞ்சு கெளம்பிருச்சான்னு பாக்க வேணாமா!

தம்பி, உங்களத்தான் கூப்பிடுறாங்க. போங்க. உக்காந்ததும் "எப்படி இருக்கீங்க?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்குறாங்களாம், அண்ணி சொல்றாங்க. வாய் தவறி நல்லா இருக்கேன்னு சொல்லிடாதீங்க.