வெயிலுக்குச் சுருங்காத கண்

– கண்ணாடி உடைஞ்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

– மண்டையைத் திறந்து மூடியிருக்காங்க. வாய் பேச வந்ததும் பொண்டாட்டி சாப்பிட்டாளான்னு கேக்கத் தோணல. கடைக் கண்ணாடி உடைஞ்சுதான்னு கேக்குறீங்க.

– சாப்பிட்டியா?

– இல்லை.

– சரி, இப்ப சொல்லு. உடைஞ்சுதா?

– உடையலைங்க. நீங்க கழட்டும்போது சட்டம் சரிஞ்சு உங்க நெத்திப்பொட்டுல இடிச்சுது. கண்ணாடிக்கு ஒரு கீறல் இல்லை. பழைய ஆணியிலயே திரும்ப மாட்டச் சொல்லிட்டேன்.

– அதானே. மகாராணியோட கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது. கழட்டப் போனவனுக்குத்தான் ஆகும்.

– உங்களை யாரு கழட்டச் சொன்னா? தச்ச துணியைப் போட்டுப் பார்க்கிறவங்களுக்கு கண்ணாடி வேணாமா?

– அவங்க எங்க பார்க்கிறாங்க? வெட்டுற மேஜைக்கு எதிர்ல அதை வச்சதுலருந்து நீதான் பார்க்கிற. கால் மிஷினை மிதிக்குது, முகம் கண்ணாடியில. அளவு கொடுக்க வர்றவங்க சிரிக்கிறாங்க. இந்தக் கண்ணு போனதுலருந்து நான் அந்தப் பக்கம் தலையே தூக்குறதில்லை. உனக்கு மட்டும் உன் மூஞ்சி அலுக்கவே மாட்டேங்குது.

– மெல்லப் பேசுங்க. டாக்டரம்மா வர்றாங்க.

– என்ன ஐயா, குரல் வராந்தா வரைக்கும் கேக்குது. நல்லதுதான். டார்ச் அடிக்கப் போறேன், நேராப் பாருங்க. ம்... அழகாச் சுருங்குது.

– எந்தக் கண்ணு, டாக்டரம்மா?

– வலதுதான். இடது செஞ்சு வச்ச கண்ணுன்னு இப்ப ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். அன்னிக்கு வாசல்ல பார்த்த டாக்டர் முதல்ல அந்தக் கண்ணுல டார்ச் அடிச்சுட்டு, அசையவே இல்லையேன்னு வெலவெலத்துப் போயிட்டார்.

– நான்தான் சொன்னேன், சார் அது என்னிக்கும் அசையாது, அதை விடுங்க, இந்தக் கண்ணைப் பாருங்கன்னு.

– எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. இடிச்சுது, கொஞ்சம் வலிச்சுது. போகட்டும்னு காலர் வெட்ட ஆரம்பிச்சேன். அவ்வளவுதான்.

– இந்த அடி அப்படித்தான் ஐயா ஏமாத்தும். ஆளு நல்லா நடமாடிட்டு இருப்பார். உள்ள, மண்டையோட்டுக்கு அடியில ரத்தம் கசிஞ்சு சேர்ந்துட்டே இருக்கும். அது மூளையை நெருக்கும். கண்ணு நடுவுல கறுப்பா பாப்பா இருக்குல்ல, அதைச் சுருக்குற நரம்பு நசுங்கிடும். அப்புறம் அந்தப் பக்கத்துப் பாப்பா விரிஞ்சது விரிஞ்சபடியே நின்னுடும். அதுக்கு மேல தாமதிச்சா ஆளு கிடைக்க மாட்டார். அம்மா, நீங்க என்ன பார்த்தீங்கன்னு இவருக்கும் சொல்லுங்க.

– தலைவலின்னார். வாந்தி எடுத்தார். மேஜையில தலையைச் சாய்ச்சவர் கூப்பிட்டா "ம்" கூடச் சொல்லல. இமையைத் தூக்கிப் பார்த்தேன். நிஜப் பாப்பா, செஞ்ச பாப்பாவை விடப் பெருசா இருந்துது.

– இருந்தா என்ன? ரெண்டும் என்னிக்கு ஒரே மாதிரி இருந்துது? ஒண்ணு கடவுள் கொடுத்தது, ஒண்ணு காசு கொடுத்தது.

– ஐயா கேக்குறது நியாயம். மத்தவங்கன்னா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். இவருக்கு எப்பவுமே வித்தியாசம்தான். என் வீட்டு ஆளா இருந்தா நானே இது வழக்கம்தானேன்னு விட்டிருப்பேனோ என்னவோ.

– எப்பவும் இல்லை, டாக்டரம்மா. மத்தியானம் வாசல் வெயில் மேஜை மேல விழும்போது ரெண்டும் ஒரே அளவா ஆயிடும். செஞ்சவர் நல்ல வெளிச்சத்துல உட்கார வச்சு வரைஞ்சிருக்கார் போல. வெயில் இறங்கினா நிஜக் கண்ணு மெல்லப் பெருசாகும். விளக்கைப் போட்டா கொஞ்சம் குறையும். எங்க பொண்ணு வாசல்ல வந்து நின்னா, வெயில்லகூட ஒரு சுத்து பெருசாகும்.

– பொண்ணு வந்தாக்கூடவா?

– ஆமாங்க. நாளைக்குக் கண்டிப்பாத் தச்சுக் கொடுத்துடறேன்னு நீங்க சொல்லும்போதும்.

– அடிப்பாவி.

– செஞ்ச கண்ணு மாறாது, டாக்டரம்மா. அதை வச்சு இதை அளந்துடலாம். அன்னிக்கு முழு வெயில், ரெண்டும் ஒண்ணா இருக்க வேண்டிய நேரம். சந்தேகத்துக்கு முகத்தை வாசல் பக்கம் திருப்பினேன். அப்பவும் சுருங்கல. வெயிலுக்குச் சுருங்காத கண்ணை நான் பார்த்ததே இல்லை. அப்படியே ஆட்டோவுல ஏத்திட்டேன். கடையைக்கூடப் பூட்டல.

– ஆபரேஷன் முடிஞ்சு கை கழுவும்போது நாங்க எல்லாரும் இதைத்தான் பேசிட்டிருந்தோம். இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு கேட்டதில்லை. இந்தாங்க டார்ச், நீங்களே பாருங்க.

– நானா?

– பக்கத்துலருந்து மெல்லக் கொண்டு வாங்க. ஆ, அப்படித்தான்.

– சுருங்குதுங்க. எடுத்தா விரியுது. மறுபடியும் சுருங்குது. ஐயோ, என்னமா உயிரோட இருக்கு.

– ஏய், எதுக்கு அழற? எனக்குக் கண்ணு கூசுது.

– கூசட்டும். நல்லாக் கூசட்டும்.

– ஆசை தீரப் பார்த்துட்டுக் கொடுங்கம்மா. நான் அடுத்த அறையைப் பார்த்துட்டு வர்றேன்.

– போயிட்டாங்களா? இப்ப உண்மையைச் சொல்லு.

– என்னத்தை?

– கல்யாணமான புதுசுல உன் மிஷின் எனக்கு வலது பக்கம் இருந்துது. ஊசி உடைஞ்சு தெறிச்சு இந்தக் கண்ணு போனதும், நீயா இடது பக்கம் நகர்த்திட்ட. என் பார்வையில படப் பிடிக்கலைன்னு நினைச்சேன். இன்னிக்கு வரைக்கும் அதைத்தான் நினைச்சுட்டிருக்கேன்.

– அந்தப் பக்கம் யாராவது வந்தா உங்களுக்குத் தெரியாதேன்னுதான் நகர்த்தினேன். இதைக் கேக்க உங்களுக்கு மண்டை உடையணுமா?

– சரி, தப்புதான். ஆனா அங்க உட்கார்ந்தா உனக்குச் செஞ்ச கண்ணு மட்டும்தான் தெரியும். மத்ததை மூக்கு மறைச்சுடும். என் எதிர்ல வந்து நின்னு நீ என் முகத்தைப் பார்த்ததும் இல்லை. அப்புறம் ரெண்டையும் சேர்த்து எங்கேருந்துடி பார்த்த?

– கண்ணாடியிலங்க. ஒரு நாளாவது நீங்க தலையைத் தூக்கியிருந்தா, நான் யாரைப் பார்த்துட்டிருந்தேன்னு தெரிஞ்சிருக்கும்.