ஆகஸ்ட் தேர்வில் குறைத்து எடுத்த மதிப்பெண்

என் பெயர் கெல்சி ஓஸ்ட்ராண்டர், வயது இருபத்து மூன்று. கணவர் டேன் ஓஸ்ட்ராண்டர், வயது இருபத்திரண்டு. நெப்ராஸ்கா மாநிலம் வெல்ட்மார் ஊரில், பிர்ச் தெரு 418-ஆம் எண் வீட்டின் மாடியில், எட்டு மாதப் பெண் குழந்தை ஜூனுடன் வசிக்கிறேன். உளவியலில் பட்டம் பெற்றவள். தலையில் அடிபட்டிருந்த என் கணவரை அக்டோபர் 19 சனிக்கிழமை ஆட்டத்தில் இறங்க விட்டது யார் என்று விசாரிக்கும் மாவட்டக் காவல் அதிகாரி ஹாலோரன் கேட்டுக்கொண்டதன் பேரில், இதை என் கைப்பட எழுதித் தருகிறேன்.

என் கணவர் அமெரிக்கக் கால்பந்தில், பந்தை வாங்கி எறியும் குவாட்டர்பேக்காக ஆடுவதற்கென்றே இந்த ஊர்க் கல்லூரிக்கு வந்தவர். முதலாண்டு அவரை ஆட விடாமல் உடம்பை மட்டும் ஏற்றினார்கள். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் ஓரக்கோட்டில் தொப்பியோடு நின்று, உள்ளே ஆடுபவருக்குக் கைச்சாடை காட்டினார். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் ஆட்டத்தில் பந்தை எறிந்தது மொத்தம் பதினொரு முறை. இந்த ஆண்டுதான் இடம் அவருக்கு வந்தது. பள்ளியில் ஒரு முறை, இங்கே ஒரு முறை என முன்பே இரண்டு தடவை தலையில் அடிபட்டிருந்ததால், மூன்றாவது தடவை ஏட்டில் ஏறினால் அத்தோடு ஆட்டம் முடிந்தது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

ஆகஸ்ட் மாதம் ஆட்டக்காரர்கள் எல்லாரையும் கணினி முன் உட்கார வைத்து ஒரு தேர்வு வைப்பார்கள். சொற்களும் உருவங்களும் வந்து போகும், நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். பின்னால் யாருக்காவது தலையில் அடிபட்டால் அதே தேர்வை வைத்து ஆகஸ்ட் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவார்கள். அதனால் ஆகஸ்டில் வேண்டுமென்றே மந்தமாகச் செய்வது அவர்களிடம் வழக்கம். குனிந்து நின்று பந்தைப் பின்னால் குவாட்டர்பேக் கையில் கொடுக்கும் சென்டராக ஆடும் ஓட்டோ கிர்ஷ் எங்கள் வீட்டில் சில்லிக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே, "டேய், அந்தப் பரீட்சைல நல்ல மார்க் வாங்குறவன்தான்டா மடையன். நான் மூணு வருஷமா அளவா முட்டாளா இருக்கேன், அதுக்கும் ஒரு திறமை வேணும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

மிகவும் குறைந்தால் கணினி சந்தேகப்படும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது படிப்பின் மூலம் எனக்குத் தெரியும். அதன் பிறகு நான்கு நாட்கள், சமையலறை மேசையில், ஜூன் என் மடியில் இருக்க, எத்தனை சொற்களை மறக்க வேண்டும், பொத்தானை அழுத்த எவ்வளவு தாமதிக்க வேண்டும் என்று நான்தான் அவருக்குப் பழக்கிக் கொடுத்தேன். நான் சொன்னபடியே அவர் செய்தார். அணியின் உடல்நலப் பொறுப்பாளர் ரூத் ப்ளாசெக் அந்த மதிப்பெண்ணைப் பதிவு செய்தார்.

அக்டோபர் 12 ஆட்டத்தில் என் கணவர் பின்னந்தலை தரையில் மோத விழுந்தார். எழுந்து வந்து ரூத்திடம் ஆட்டப் புள்ளி எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார். ரூத் சொன்னார். என் கணவர் அதையே மறுபடி கேட்டார். ரூத் அவருடைய ஹெல்மெட்டைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்து, ஆட்டம் முடியும்வரை அதன்மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். மறுநாள் மதியம் ஜூனைக் குளிப்பாட்ட என் கணவர் எடுத்துப் போனார். சத்தமே இல்லாததால் போய்ப் பார்த்தேன். தண்ணீர் விடாத தொட்டியில் அவளை உட்கார வைத்து, துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, குளிப்பாட்டி முடித்துவிட்டதாகச் சொன்னார். குழந்தையின் தலைமுடி காய்ந்திருந்தது.

புதன்கிழமை தேர்வு வைத்தார்கள். ஆகஸ்டைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாக வந்தது, ஆடலாம் என்று மருத்துவர் கையெழுத்திட்டார். அதன் பிறகு வியாழக்கிழமை ரூத் எனக்கு போன் செய்தார்.

"எண்ணெல்லாம் சரியாத்தான் வருது, கெல்சி. எனக்குத்தான் மனசு ஒப்ப மாட்டேங்குது. வீட்ல ஒரு மாதிரியா இருக்கானா? ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா, அவன் ஹெல்மெட்டை என் கார்ல போட்டுப் பூட்டிடறேன்."

என் கணவர் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பவும் போலத்தான் இருக்கார்" என்றேன். ரூத் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அக்டோபர் 19 ஆட்டத்தின் மூன்றாவது காற்பகுதியில், ஓட்டோவின் பின்னால் குனிய வேண்டிய என் கணவர், பக்கத்து ஆட்டக்காரர் பின்னால் போய்க் குனிந்து, பந்துக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார். அரங்கமே சிரித்தது. என் பின்வரிசைப் பெண்மணி தோளைத் தட்டி, "கைக்குழந்தைக்காரன், பாவம், தூக்கம் போதல" என்றார். ஓட்டோ திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் விட்டு, சட்டையைப் பிடித்து அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பந்து கைக்கு வந்தது. என் கணவர் அதை எறியவில்லை, யாரிடமும் கொடுக்கவுமில்லை, வைத்துக்கொண்டே நின்றார். பெரிய மோதல் என்று சொல்ல முடியாது, எதிரணியினர் தோளில்தான் இடித்து வீழ்த்தினார்கள். அதன் பிறகு தானாகவே எழுந்து, எதிரணியின் பெஞ்சுக்கு நடந்து போய், அவர்கள் நடுவில் உட்கார்ந்தார். அவர்கள் இடம்விட்டு நகர்ந்து கொடுத்தார்கள். அங்கிருந்துதான் சரிந்து விழுந்தார். அன்றே மண்டையோட்டைத் திறந்து அறுவை செய்தார்கள். இன்று ஒன்பதாவது நாள், கண் திறக்கவில்லை.

ரூத்தைப் பணியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் மாமனார் வாரன் ஓஸ்ட்ராண்டர் நேற்று என்னிடம், "நீ வாயத் திறக்காத. அது அவ வேல, அவ தலையிலேயே விடியட்டும். உன் குழந்தைய நெனச்சுப் பாரு" என்றார். என் வழக்கறிஞரும் பேசாமலிருப்பதே நல்லது என்றார். இதைத் தருவதால் என் மேல் வழக்கு வரலாம் என்று அதிகாரி ஹாலோரன் எச்சரித்த பிறகே எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. அறுவை நடந்துகொண்டிருந்தபோது ரூத் மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு வந்தார். குழந்தையோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டு, "நான்தாம்மா கவனிக்காம விட்டுட்டேன், மன்னிச்சிடு" என்று அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பரவாயில்லை என்றேன்.

யாருடைய கட்டாயத்தாலும் இதை எழுதவில்லை. எழுதியதை அதிகாரி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். ஓரிடத்திலும் நான் திருத்தம் சொல்லவில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கெல்சி ஓஸ்ட்ராண்டர்
அக்டோபர் 28, வெல்ட்மார்