கனகரத்தினம் அண்ணையின் எட்டுக் கூடுகள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் பாலேந்திரன் அவர்களே, சூக்கிலிருந்தும் ஷாஃப்ஹவுசனிலிருந்தும் லீவு கேட்டு வந்திருக்கும் உறவுகளே, அமரர் கனகரத்தினம் அவர்களோடு இன்டர்லாக்கன் ஹோட்டலில் வேலை செய்த தோழர்களே, வணக்கம்.

எனக்கு மேடையில் பேச வராது. நான் குளிரூட்டி திருத்தப் படித்தவன். இந்தச் சுவிஸ் நாட்டில் அண்ணையோடு ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு முன் பேசிய நால்வரும் அந்தப் பட்டுப்பூச்சியைச் சொன்னீர்கள். உலகில் எவரும் கண்டிராத பெண் பூச்சியை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த யாழ்ப்பாணத்தவர் என்றீர்கள். கண்ணாடிப் பெட்டியில் அவர் பெயர் இருக்கிறது என்றீர்கள். இருக்கிறது. ஆனால் அவரா கொடுத்தார்? இல்லை!

ஹோட்டலில் தங்கிய ஓர் ஆராய்ச்சியாளர், பொலிவியாவிலிருந்து கொண்டுவந்த எட்டுப் பட்டுப்பூச்சிக் கூடுகளைச் செத்துவிட்டனவென்று குப்பைக்கூடையில் போட்டிருந்தார். அறை துடைக்கப் போன அண்ணை ஒன்றைக் காதில் வைத்துப் பார்த்தார். உள்ளே அசைந்தது! கேட்டு வாங்கினார். இந்த இனத்தில் ஆண் பூச்சிகள் நாலைந்துதான் பிடிபட்டிருக்கின்றன, பெண்ணை எவரும் கண்டதில்லை என்று சொல்லித்தான் அந்த மனிதர் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் ஹீட்டரைக் கூட்டக்கூடாது, ஜன்னலைத் திறக்கக்கூடாது. காலையில் எழுந்ததும் கூடுகளுக்குத் தண்ணீர் தெளிப்பார். நான் கத்துவேன்.

"அண்ணை, இது மனுசர் இருக்கிற அறையோ, பூச்சிக்கு எடுத்த அறையோ?"

"கத்தாதை தம்பி. அதுகளுக்கும் விசா இல்லை. எங்களோடை இருக்கட்டும்."

போன ஜூனில் ஒரு கூட்டிலிருந்து பெண் பூச்சி வந்தது. விரித்தால் என் கையகலம். செங்கல் நிறச் சிறகில் கண்ணாடிபோல நான்கு இடம். வாயே கிடையாது, ஒரு கிழமைதான் உயிர். வேலைக்குப் புறப்படும்போது அண்ணை சொன்னார்: "இன்னொரு கூடும் ஆடுது. அது ஆணெண்டால் முட்டை கிடைக்கும். ரெண்டு நாள் ஒருத்தரும் தொடாதேங்கோ."

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். ஆனால் அது அடித்து அடித்துச் சிறகைக் கிழித்துக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அண்ணையின் அகதி மனு அப்போதுதான் நிராகரிக்கப்பட்டிருந்தது. முழுச் சிறகோடு கொடுத்தால் அருங்காட்சியகம் ஒரு கடிதம் தரும், அப்பீலோடு வைக்கலாம் என்று நினைத்தேன். கொண்டுபோய் ஹோட்டல் ஃப்ரீசரில் வைத்தேன்.

"எங்கை தம்பி அவ?" வேலை முடிந்து வந்த அண்ணை கேட்டார்.

"பத்திரமா இருக்கிறா அண்ணை. மைனஸ் பதினெட்டு."

கட்டிலில் உட்கார்ந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஆண் வந்தது. ஐந்து நாள் அந்த அறையைச் சுற்றிச் சுற்றித் தேடிச் செத்தது. பெண் பூச்சியை அண்ணையின் பெயரில் அருங்காட்சியகத்துக்கு நானே கொடுத்தேன், கடிதமும் வந்தது. அகதி மனுவைப் பார்க்கும் பொலிஸ் அதிகாரி அதை வாசித்துவிட்டு, "அழகான பூச்சி" என்று திருப்பித் தந்தார். அப்பீலுக்கு முடிவு வருமுன் அண்ணையின் நெஞ்சு நின்றுவிட்டது.

உங்களிடம் அவர் என்ன சொன்னார்? "அது தானாச் செத்தது, அதுதான் குடுத்திட்டன்." எட்டு மாதம் அதையே சொன்னார். பொய் பேசாதவர் என்று தலைவர் புகழ்ந்தார். எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான். எனக்காகச் சொன்னார்! அதைக் கேட்டுக்கொண்டு நான் தலையாட்டியபடி இருப்பதா? பூச்சியைக் கொன்றவன் நான். அவர் காத்திருந்த முட்டைகளையும் கொன்றவன் நான்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி எடுக்கிறீர்கள். என் உறுதி சின்னது. எட்டில் இரண்டு பூச்சியாகின, மூன்று காய்ந்துவிட்டன. மூன்று மிச்சம் இருக்கின்றன. இன்று காலை நான்தான் தண்ணீர் தெளித்தேன். ஒன்றை எடுத்துக் காதில் வைத்தேன். அசைகிறது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கனகரத்தினம் அண்ணை, பொறுக்கிறன்.