பால்டின் தகரம்

கம்யூனிஸ்டுகள் காட்டிலிருந்து போரிட்ட அவசரகாலத்தில் ஒரு ஞாயிறு, பெடாஸ் போகும் பஸ்ஸில், ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டும் இருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“நேத்து தூண்டில்ல பால்டின்ல வெட்டுன தகரத்தைப் போட்டேன் மச்சான். விராலு கவ்விருச்சு.”

“எப்பவும் மாட்டுற சோத்துருண்டை என்னாச்சு?”

“காட்டுல இருக்கிறவனுங்களுக்குப் போயிரும்னு எஸ்டேட் கேட்டுல போலீஸ்காரரு புடுங்கிட்டாரு. தகரத்தை யாரு திம்பா? விட்டுட்டாரு.”

“மழை பேஞ்சு தண்ணி கலங்கிக் கெடக்கே?”

“அதான் பளபளன்னு தேச்சேன். இழுத்தா சுத்திச் சுத்தி மின்னும். தண்ணி தெளிஞ்சு வெயிலடிச்சா கரி பூசணும். இல்லன்னா மீனு மெரண்டுரும்.”

மச்சான் தகரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்கும் ஒன்னு செஞ்சு குடு லா.”

“பொறு மச்சான். மொதல்ல அந்தப் போலீஸ்காரருக்கு. விராலைப் பாத்ததுலேர்ந்து கேட்டுக்கிட்டே இருக்காரு.”